வச்சலாவின் பெயரில் கொடுத்த வாக்கு

தேவனேரிக் கடற்கரையில் காலை ஏலம் நடக்கும்போது வச்சலாவைப் பார்க்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் கத்துவார்கள். அவள் கத்தமாட்டாள். இடுப்பில் செருகிய முந்தானையும் கன்னத்தில் அதக்கிய வெற்றிலையுமாக மணலில் கொட்டிக் கிடக்கும் மீனையே பார்த்துக்கொண்டிருப்பாள். விலை தனக்குத் தோதான இடத்துக்கு வந்ததும் ஒரே ஒருமுறை தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான். அந்த மீன் அவளுடையது. அடுத்த படகு வந்து விலை பாதியாக விழுந்தாலும் ஆட்டிய தலையை அவள் மாற்றியதில்லை. தலையாட்டிவிட்டுப் பின்வாங்குகிறவருக்கு மறுநாள் அந்தக் கரையில் யாரும் மீன் தரமாட்டார்கள்.

கணவன் லட்சுமணனைக் கடல் கொண்டுபோன வருஷம், கையில் காலணா இல்லாமல் அதே மணலில் நின்றாள் வச்சலா. அன்றைக்கு அவளை நம்பி மீனை அள்ளிக் கூடையில் போட்டார்கள். எதை நம்பி? அந்தத் தலையாட்டலை நம்பி. அதை வைத்துத்தான் ஒரு மகளை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தாள்.

இப்போது அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ரவிச்சந்திரனின் மீன் கடைக்கு மீன் எடுத்துத் தருகிறாள். போனில் பேசுவதும் அவள்தான். படூர் அடுக்குமாடி வீடுகளிலிருந்து கல்பாக்கம் குடியிருப்பு வரை, “வச்சலாக்கா, இன்னிக்கு இன்னா கீது?” என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது.

ரவிச்சந்திரனுக்குப் போன வருஷம் ஒரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. அலைச்சறுக்குப் பள்ளியில் சாட்பாட் வைத்துவிட்டார்கள். பச்சை குத்தும் கடையிலும் டிரைவிங் ஸ்கூலிலும் வைத்துவிட்டார்கள். எந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் அதுவே பதில் எழுதுகிறது.

“அக்கா, செப்டிக் டேங்க் லாரிக்காரன்கூட வெச்சிகினு கீறான். நமக்கு இல்லன்னா அசிங்கமா இல்ல?”

“அவன் லாரிகிட்ட யாரு பேசப்போறா? அது இன்னா பண்ணும்?”

“ராப்பகலா பேசும். லீவு கேக்காது. என்னைத் திட்டாது.”

“அப்ப எனக்கு வேல இல்லன்னு சொல்லு.”

“ஐய, நீ இல்லாம கடை ஏது? பேரே உன் பேர்தான் வெச்சிருக்கேன். போட்டோகூடப் போட்டுட்டேன், பாரு!”

வச்சலா பார்த்தாள். சின்ன வட்டத்துக்குள் அவள் முகம். கீழே, ‘வணக்கம், நான் வச்சலா.’ அன்று மாலை அந்தப் போனை வாங்கிக்கொண்டு போய் குப்பம் முழுக்கக் காட்டினாள். “நான் தூங்கினாலும் எம்பேரு முழிச்சிகினு கீது!” என்று சொன்னபோது அவள் கண் கலங்கியது.

ரவிச்சந்திரன் அந்த இயந்திரத்துக்கு மீன் பெயர்களை எல்லாம் கொடுத்திருந்தான். கூடவே ஒரு கட்டளையும் போட்டிருந்தான். வாடிக்கையாளரிடம் இல்லை என்ற சொல்லை மட்டும் சொல்லக்கூடாது.

கார்த்திகையில் புயல் சின்னம் உருவானது. கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை அறிவித்துவிட்டது. படகுகளை எல்லாம் மணல்மேட்டில் ஏற்றிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் காலை, காலியான ஐஸ் பெட்டிகளைக் கழுவலாம் என்று கடைக்கு வந்த வச்சலாவிடம் ரவிச்சந்திரன் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான்.

படூரிலிருந்து சுஷ்மிதா என்ற பெண் முந்தின நாள் எழுதியிருந்தாள். பிள்ளை பெற்று மூன்று வாரம். பால் போதவில்லை, குழந்தை அழுகிறது. கணவன் கப்பல் வேலையில் வெளியே. பால்சுறாப் புட்டு சாப்பிட்டால் பால் ஊறும் என்கிறார்களே, கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். அதற்கு வந்த பதிலை வச்சலா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

‘கவலைப்படாதீர்கள். நாளை மதியத்துக்குள் பால்சுறா உங்கள் வீட்டில் இருக்கும். இது வச்சலாவின் வாக்கு.’

உடனே பணத்தை அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே அந்தப் பெண் எழுதியிருந்தாள்: ‘எனக்கு அம்மா இல்லைக்கா. நீங்க சொன்னதும் அழுதுட்டேன்.’

வச்சலா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“பேஜாரா பூட்ச்சிக்கா,” என்றான் ரவிச்சந்திரன். “சாரி சொல்லி டப்பைத் திருப்பிப் போட்டுடலாம்.”

“டப்பைத் திருப்பிடலாம். ஆட்டின தலைய எப்டிய்யா திருப்புவ?”

“ஆட்டினது நீ இல்லக்கா. மெஷினு.”

“பேரு யாருது? மூஞ்சி யாருது?”

வச்சலா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புயலுக்கு முன்னால் கடைசியாகக் கரையேறிய படகு சதுரங்கப்பட்டினத்துப் படகு. அந்த மீனை மொத்தமாக எடுத்தவள் அந்த ஊர் மீன்காரி யோகேஸ்வரி. அவளிடம்தான் போயாக வேண்டும் என்று தெரிந்தும் வச்சலாவின் கால் சதுரங்கப்பட்டினம் பஸ் படியில் ஒரு கணம் தயங்கியது. பல வருஷங்களுக்கு முன் ஓர் இறால் குவியலுக்கு முதலில் தலையாட்டியது யார் என்று கரையே கூடி வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டவர்கள் அவர்கள். அதன் பிறகு முகத்துக்கு முகம் பேசியதில்லை. அந்த வாசலில் போய் நிற்பதா? நின்றாள். மழைத் தூறலில் நனைந்துகொண்டே நின்றாள்.

“இன்னாடி, வழி தெரியாம வந்துட்டியா?” என்றாள் யோகேஸ்வரி.

“பால்சுறா வோணும்.”

“இறாலுக்குத் தலையாட்டின தலையாச்சே! இப்ப தொங்கிகினு வந்து நிக்குது?”

வச்சலா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மெஷினைச் சொன்னாள், தாயில்லாத அந்தப் பெண்ணைச் சொன்னாள். யோகேஸ்வரி சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது.

“எம்பொண்ணும் பெத்துப்போட்டுப் படுத்துகினு கீறா. அவளுக்குன்னு ரெண்டு சுறா ஐஸ்ல வெச்சிருந்தேன்.” ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டாள். “தூக்கிகினு போ. யாரு பெத்தா இன்னா, பசி ஒண்ணுதான்.”

வச்சலா கூடையைத் தலையில் ஏற்றினாள். திரும்பி நடந்தவளை யோகேஸ்வரி மறுபடி கூப்பிட்டாள்.

“ஏய்! உங்க மொதலாளிகிட்ட சொல்லி எனக்கும் அந்த மாதிரி மெஷினு ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லு. ஆனா எம்பேரு வெக்காத!”

படூரில் கதவைத் திறந்த சுஷ்மிதாவின் தோளில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. போட்டோவில் பார்த்த முகம் நேரில் நிற்கவே, “வச்சலாக்கா!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். “நேத்து உங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டினப்புறம்தான் கொஞ்சம் தூங்கினேன்.”

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த அன்பை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். வச்சலாவால் முடியவில்லை.

“கண்ணு, நேத்து பேசினது நான் இல்லம்மா. கடை மெஷினு. நான் இன்னிக்குக் காலைலதான் படிச்சேன்.”

சுஷ்மிதாவின் முகம் வாடியது. “நீங்க இல்லையா? அப்போ நீங்க ஏன்க்கா இந்த மழையில வந்தீங்க?”

“எம்பேரைச் சொல்லிச்சேம்மா.”

அந்தப் பெண் அப்படியே அவள் தோளில் சாய்ந்து அழுதாள். வச்சலா குழந்தையை வாங்கி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அது உறங்கியதும் அடுப்படிக்குப் போனாள். மஞ்சள் போட்டுச் சுறாவை வேக வைத்து, தோலை உரித்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டுப் புட்டு கிளறி, பக்கத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட வைத்தாள். பால் ஊறியது சுறாவாலா, பல நாளைக்குப் பிறகு ஒருத்தி உட்காரவைத்துப் பரிமாறியதாலா, யாருக்குத் தெரியும்? ஊறியது.

கடைக்குத் திரும்பியபோது ரவிச்சந்திரன் வாசலிலேயே நின்றிருந்தான். “அக்கா, மெஷினையே எடுத்துடட்டுமா?”

“ஏன் எடுக்கணும்? பேசட்டும். அந்தப் பொண்ணு தூங்குச்சாமே அதோட பேசிட்டு. ஆனா எம்பேரையும் மூஞ்சியையும் எடு.”

“வேற இன்னா பேரு வெக்கறது?”

“உன் பேரு வெச்சிக்கோ. வாக்கு குடுத்துட்டு நீ ஓடு, சதுரங்கப்பட்டினத்துக்கு!”

ரவிச்சந்திரன் சிரித்துக்கொண்டே தலையைத் தொங்கப்போட்டான். பெயரோடு, இல்லை என்று சொல்லக்கூடாது என்ற கட்டளையையும் அன்றே மாற்றிவிட்டான்.

இன்றைக்கும் அந்தக் கடைக்கு எழுதிப் பாருங்கள். ‘வணக்கம், நான் ரவி’ என்று உடனே பதில் வரும். விலை சொல்லும், கடைக்கு வழி சொல்லும். குழம்புக்கு எந்த மீன் தோது என்றுகூடச் சொல்லும். நாளைக்கு இந்த மீன் கிடைக்குமா என்று மட்டும் கேட்டால் அந்தக் கெட்டிக்கார இயந்திரம் பணிந்துபோய் இப்படி எழுதுகிறது:

‘வச்சலா அக்கா கரையில் நிற்கிறார். அவர் தலையாட்டியதும் சொல்கிறேன்.’