உள்ளங்கைக்கு வெளியே ஒரு சிலுவை

மார்லா ஹேகுட்டின் இடது முன்கையில் ஒரு சாலை ஓடியது. முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே கிளம்பி, மணிக்கட்டை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் கறுப்புக் கோடு. வழியில் ஒன்பது மதகுகள். ஏழு மதகுகளுக்கு வெறும் புள்ளி. நான்காவதற்கும் ஒன்பதாவதற்கும் சிறு சிலுவை. ஹெல்மண்ட் போர்முனையில் அவளுடைய பிரிவு ஏழு மாதம் குனிந்து குனிந்து கண்ணிவெடி எடுத்த சாலை அது. நான்காவது மதகில் சான்டோவல் போனான். ஒன்பதாவதில், ஊர் திரும்ப பதினோரு நாள் இருக்கும்போது, லைல் ட்ரூட் போனான். அவன் கடைசி மூச்சு விட்டபோது தலை மார்லாவின் மடியில் இருந்தது.

மிஞ்சிய ஆறு பேரும் வட கரோலினா முகாமுக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், வாசலுக்கு எதிரே இருந்த ரோஸ்கோவின் பச்சை குத்தும் கடைக்குப் போனார்கள். ஒரே வரைபடம், ஒரே அச்சுத்தாள், ஆறு கைகள். மார்லாவின் முறை வந்தபோது ரோஸ்கோ அவள் கையைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"குச்சி மாதிரி இருக்கு கை. கொஞ்சம் சுருக்கிப் போடறேன் பொண்ணு. பார்க்கவும் நல்லா இருக்கும்."

"அவனுங்களுக்கு எவ்வளவோ அவ்வளவே எனக்கும். ஒரு நூல் குறையக் கூடாது."

பக்கத்து நாற்காலியில் டெவ்ரி ஸ்டாக்கர் படுத்திருந்தான். முறம் போன்ற கைகள் அவனுக்கு. "அவ சொன்னபடி போட்டுடு ரோஸ்கோ," என்றான். "அந்த ரோட்டுலயே அவதான் முன்னாடி நடந்தா. நாங்க அவ கால்தடத்துல கால் வச்சு வந்த கூட்டம்."

அது உண்மை. மேற்கு வர்ஜீனியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவள் மார்லா. உலோகங்காட்டியை ஏந்தி முதல் ஆளாக நடப்பது அவள் வேலை. அங்கே யாரும் அவளுக்குச் சலுகை காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. சாலையில் சமமாக நடந்தவள் தோலில் மட்டும் எதற்குச் சின்னதாக இருக்க வேண்டும்? அந்தப் பிடிவாதம் நியாயமானது. ஆனால் பிற்பாடு அவள் வாழ்க்கையில் நினைத்து நினைத்து நொந்தது, 'ஒரு நூல் குறையக் கூடாது' என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

சில ஆண்டுகளில் அவள் ஸ்டாஃப் சார்ஜன்ட் ஆனாள். மரப்பெட்டியில் புதைத்த வெடியை உலோகங்காட்டி காட்டாது. மண்ணின் நிறத்தையும் எறும்பு போகும் வழியையும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதை அவள் எட்டுப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். பயிற்சிப் பள்ளியில் அதைப் பாடமாகவே வைத்தார்கள். அதிகாரி ஆகிவிட்டால் அந்தப் பள்ளியையே தன் கையில் எடுத்து நடத்தலாம் என்பது அவள் ஆசை. ஒன்பதாவது மதகில் இருந்தது மரப்பெட்டி. ஆகவே அது வெறும் பதவி ஆசை அல்ல.

அந்த நேரத்தில்தான் பச்சை பற்றிய புதிய விதி வந்தது. அரைக்கைச் சட்டையில் வெளியே தெரியும் எந்தப் பச்சையும், அதைக் குத்திக்கொண்டவரின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரையான சொந்தக் கையளவுக்குள் அடங்க வேண்டும். விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும், பெருவிரல் ஒட்டியிருக்க வேண்டும். நிலவில் மனிதனை இறக்கிய நாடு, அங்குலக் கோலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையால் அளக்கக் கிளம்பியது. பழைய பச்சைகளை மன்னித்தார்கள். படம் எடுத்துப் பதிந்தால் போதும். ஆனால் அதிகாரியாக விண்ணப்பிப்பவருக்கு அந்த மன்னிப்பு கிடையாது. அதாவது அந்தக் கையோடு சாகலாம். பதவியில் ஏறத்தான் கூடாது.

பிரிவு அலுவலகத்தில், எல்லோரும் 'டாப்' என்று கூப்பிடும் மாஸ்டர் சார்ஜன்ட் ஓடம் அளந்தார். கெட்டவர் அல்ல, விதி எழுதியிருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர். அவர் மேசையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்கள் இருந்தன. அதன் மேல் கையை வைக்கச் சொல்லி, பேனாவால் சுற்றி வரைந்து, கத்தரித்து, அந்தப் பிளாஸ்டிக் கையைப் பச்சையின் மேல் வைத்துப் பார்ப்பார்.

முதலில் டெவ்ரி. அவனும் விண்ணப்பித்திருந்தான். அவனுடைய பிளாஸ்டிக் கைக்குள் சாலை முழுதும் அடங்கி, இன்னும் ஒரு மதகுக்கு இடம் இருந்தது.

அடுத்து மார்லா. ஓடம் பிளாஸ்டிக்கை மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். எட்டு மதகு உள்ளே. ஒன்பதாவது சிலுவை மட்டும் வெளியே நின்றது.

"வெளிய நிக்குது ஹேகுட்."

"அவன் கையில இருக்கறதும் இதேதான் டாப். ஒரே தாளுல எடுத்தது."

"தெரியும்மா. ஆனா அவன் கை பெருசு."

டெவ்ரி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "என் கையை வச்சு அளந்துக்கோங்க டாப். நான் இரவல் தர்றேன்."

"அவங்கவங்களுக்கு அவங்கவங்க கை. அப்படித்தான் எழுதியிருக்கு."

"இந்தப் படம் ரெண்டு சென்டிமீட்டர் நீளமா இருந்தா எனக்கு வெடி கண்ணுக்குத் தெரியாமப் போயிடுமா?" என்று கேட்டாள் மார்லா. "யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா? காகிதம் ஏதாவது இருக்கா?"

ஓடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசித் துண்டை மட்டும் லேசர்ல எடுத்துடு. உனக்கு இல்லாம வேற யாருக்கு அந்தப் பதவி? ஒரு சின்னக் குறிதானே." பிறகு அந்தப் பிளாஸ்டிக் கையை அவளிடமே நீட்டினார். "வச்சுக்கோ. டாக்டர்கிட்ட காட்டினா எங்க வரைக்கும் எடுக்கணும்னு தெரியும்."

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசித் திங்களன்று, இறந்த வீரர்களின் நாளில், ஆறு பேரும் கின்ஸ்டன் என்ற ஊருக்குப் போகும் வழியில் இருந்த லைலின் வீட்டுக்குப் போவார்கள். லைலின் அம்மாவை அந்தப் பக்கத்து மரியாதைப்படி மிஸ் வெர்னா என்பார்கள். அவள் பின்கட்டில் வினிகர்க் குழம்பில் ஊறிய பன்றிக்கறியும் சோளமாவு உருண்டையும் பரப்பி வைப்பாள். சாப்பிட்டு முடித்ததும் மார்லாவின் இடக்கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, முழங்கையிலிருந்து விரலை ஓட்டுவாள். மதகு மதகாக எண்ணுவாள். ஒன்பதில் நிறுத்தி, "எதுக்கும் கடைசியிலதான் வருவான். பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் அப்படித்தான்," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு லைல் செய்ததைப் போலவே கோலா பாட்டிலுக்குள் உப்புக் கடலையைக் கொட்டி, முதல் வாயை மார்லாவுக்குக் கொடுப்பாள். ஆறு கைகளிலும் சாலை இருந்தது. அவள் விரல் ஓடியது அந்த ஒரு கையில் மட்டும்தான்.

மார்லா மூன்று மாதம் யோசித்தாள். பதவி கிடைத்தால் நூறு லைல்களைக் காப்பாற்றலாம் என்று தனக்கே கணக்குச் சொன்னாள். கணக்கு தப்பு என்றும் சொல்ல முடியாது. பிறகு போய் லேசருக்குக் கையை நீட்டிப் படுத்தாள்.

லேசர் என்பது கொதிக்கும் எண்ணெய் தெறிப்பது போல. ஒரு தடவையில் போகாது. தோல் ஆற ஏழு வாரம், பிறகு இன்னொரு தடவை. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் நீலமாகி, ஆறாவது தடவையில் மறைந்தது. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு தழும்பு. ஓடம் பிளாஸ்டிக் கையை வைத்துப் பார்த்து, "கச்சிதம்," என்றார்.

கோப்பு மேலே போனது. இரண்டே வரியில் பதில் வந்தது. விண்ணப்பிக்க இருந்த பணி ஆண்டு வரம்பை அவள் நான்கு மாதம் தாண்டிவிட்டாள். தோல் ஆறக் காத்திருந்த மாதங்கள் அவை. இந்த முறை பச்சையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

டெவ்ரிக்குக் கிடைத்தது. புதிதாக அதிகாரி ஆகிறவன், தனக்கு முதல் சல்யூட் வைக்கும் வீரருக்கு ஒரு வெள்ளி டாலர் கொடுப்பது அங்கே வழக்கம். தான் மதிக்கும் ஆளையே அதற்கு அழைப்பார்கள்.

"நீதான் வைக்கணும் மார்லா. வேற எவன் வச்சாலும் எனக்கு ஒட்டாது."

"வைக்கறேன்டா. இனிமே உன்னை 'டா'ன்னு கூப்பிட முடியாது, அதான் கஷ்டம்."

வைத்தாள். விரல்கள் சேர்ந்து, பெருவிரல் ஒட்டி, தவறில்லாத சல்யூட். வெள்ளி நாணயத்தை அவள் உள்ளங்கையில் அழுத்தும்போது டெவ்ரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று அவன் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. ஒன்பதாவது சிலுவை பளிச்சென்று தெரிந்தது.

அந்த மே மாதம் மார்லா முழுக்கைச் சட்டையில் போனாள்.

"இந்த வெயில்ல எதுக்குடி பொண்ணே முழுக்கை?"

"தோல்ல ஏதோ அலர்ஜி மிஸ் வெர்னா. தொடக் கூடாதாம்."

வெர்னா நம்பினாள். படைக்காரி பொய் சொல்வாள் என்று நினைக்கிற ஆள் அல்ல அவள். அந்த ஆண்டு யார் கையிலும் விரல் ஓடவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மதியம், வாகனக் கொட்டகையில் மார்லா எண்ணெய்க் கையோடு நின்றபோது டெவ்ரி தொலைபேசியில் கத்தினான். "விதி போயிடுச்சு மார்லா! தூக்கிட்டானுங்க. முழுக்கையும் குத்திக்கலாமாம். கை அளவெல்லாம் கிடையாது. நீ அதைத் திரும்பப் போட்டுக்கலாம்!"

"ஏன் எடுத்தாங்களாம்?"

"ஆள் சேர மாட்டேங்குதாம். வர்ற பசங்க எல்லாம் பச்சையோடதான் வர்றானுங்க."

இவ்வளவுதான். ஒழுக்கம், மரியாதை, சீருடையின் மாண்பு என்று அடுக்கிய காரணங்கள் எல்லாம், ஆள் பற்றாக்குறை வந்த நாளில் காணாமல் போயின. அவற்றுக்குப் பலியான தோலை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. ஆண்டு வரம்பை நான்கு மாதம் தளர்த்தக் கேட்டு மார்லா எழுதினாள். வழியில்லை என்று பதில் வந்தது. ரோஸ்கோவிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் தழும்பைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினான். "இந்தத் தோல்ல மை நிக்காது பொண்ணு. கசிஞ்சு கறை மாதிரி ஆயிடும்." அவள் கையை விட்டுவிட்டு, "நான் அன்னைக்கே சுருக்கிப் போடறேன்னேன்," என்றான். சொல்லியிருக்க வேண்டாம், சொல்லிவிட்டான்.

மறுபடி மே வந்தது. மார்லா அரைக்கைச் சட்டையோடு போனாள். சிலுவை இனித் திரும்பாது என்று தெரிந்த பிறகு மறைத்துப் பயனில்லை.

சாப்பாடு முடிந்ததும் வெர்னா ஆசையாக அவள் கையை இழுத்தாள். விரல் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, சான்டோவல், ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. வழுவழுப்பில் வழுக்கி நின்றது. வெர்னா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க இவன்?"

மார்லா சொன்னாள். பிளாஸ்டிக் கை, ஆறு தடவை லேசர், எல்லாம். டெவ்ரி இடையில் புகுந்தான். "தப்பு அவ மேல இல்ல மிஸ் வெர்னா. அந்த விதி—"

"நான் உன்னைக் கேக்கல." வெர்னா அவள் கையை விடவில்லை. "அதிகாரி ஆயிட்டியா கண்ணு?"

"இல்ல."

"அந்தப் பள்ளிக்கூடம்?"

"கிடைக்கல."

வெர்னா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் அந்தக் கையை மெதுவாக மேசை மேல் வைத்தாள், உடைகிற பொருளை வைப்பது போல. பிறகு எழுந்து சுற்றிப் போய், டெவ்ரியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முழங்கையிலிருந்து தொடங்கினாள். ஒன்பதில் நிறுத்தினாள். பள்ளிக்கூட பஸ்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. கோலா பாட்டிலில் கடலையைக் கொட்டி, முதல் வாயை அவனிடம் நீட்டினாள்.

டெவ்ரி குடிக்காமல் பாட்டிலை மேசைக்கு மேலாக மார்லாவிடம் தள்ளினான். அவள் ஒரு வாய் குடித்தாள். பாட்டிலைத் திரும்ப அவன் பக்கம் நகர்த்தினாள்.

புறப்படும்போது வெர்னா வழக்கம்போல் எல்லோருக்கும் கறிப் பொட்டலம் கொடுத்தாள். மார்லாவுடையதும் அதே கனம்தான். "அடுத்த வருஷமும் வா," என்றாள். அவள் அதைச் சொல்லுவது அதுவே முதல் தடவை. இதுவரை சொல்லவேண்டிய தேவையே வந்ததில்லை.

காரின் முன்பெட்டியில், வண்டிக் காகிதங்களுக்கு அடியில், ஓடம் கத்தரித்துக் கொடுத்த பிளாஸ்டிக் கை கிடந்தது. மார்லா சாவியைத் திருகாமல் உட்கார்ந்து, அதை எடுத்து முன்கையின் மேல் வைத்துப் பார்த்தாள். எட்டு மதகும் உள்ளே அடங்கின. வெளியே ஒன்றும் இல்லை. விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.