வெட்டாத தாள்

அமெரிக்காவில், சான் ரமோனில் பக்கத்து வீட்டு ரமேஷ், பிளாஸ்டிக் உறையில் இருந்த, பேஸ்பால் வீரர் படம் போட்ட பழைய அட்டை ஒன்றைக் காட்டினார்.

"அந்தக் காலத்துல சிகரெட் பாக்கெட் நசுங்காம இருக்க உள்ள வச்சு வித்தது, பாஸ். பெரிய ஷீட்டா பிரிண்ட் பண்ணி, வெட்டி, பாக்கெட்டுக்கு ஒண்ணு."

எனக்கு வயிறு எரிந்தது. ரமேஷைப் பார்த்து அல்ல. சிவகாசியில் என்னோடு ஆறாம் வகுப்புப் படித்த செல்வமணியை நினைத்து.

நாங்களெல்லாம் தெருவில் காலித் தீப்பெட்டிகளைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, பசை நாற்றத்தோடு படங்களை உரித்துச் சேர்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை எந்திரம் தடதடத்துத் தீப்பெட்டிப் படம் அச்சடித்த, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட அச்சகத்தின் முதலாளி மகனான அவன், மை வாசனை போகாத முழுத்தாளையே சுருட்டிக்கொண்டு வருவான். ஒரே தாளில் நூறு மயில்கள். என்னிடம் ஒரு மயில்கூட இல்லை.

"பெட்டியில ஒட்டாத படம் செல்லாதுடா" என்று ஒருநாள் தீர்ப்புச் சொன்னேன். வகுப்பே ஆமோதித்தது. பொறாமைக்கு அவ்வளவு சீக்கிரம் கட்சி சேரும்.

மறுநாள் அவன் தாளை வெட்டி எடுத்து வந்தான். "செல்லாததுதானே, ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கோங்கடா." எனக்கு மட்டும் இரண்டு கொடுத்தான்.

அந்தத் தாளைக்கூட மன்னித்துவிட்டேன். இரண்டாவது மயிலைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.