வாசல் வரைக்கும் வந்த நர்ஸம்மா

"என்னடா அந்தோணி, ஆத்தாளைச் சோறு திங்க விடமாட்டேங்கிறியாமே? வெளிய வா, வச்சுக்கிறேன்."

நர்ஸ் யூஜினியா வயிற்றுப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாக்கோட்டை ஒன்றியத்து ஊர்களில் பிறக்கப்போகும் குழந்தை எதுவானாலும் இவள் முதலில் ஒரு வேதக்காரப் பெயர் வைத்துவிடுவாள். பிறந்த பிறகு கருப்பன் என்றோ நாச்சியார் என்றோ அவர்கள் கூப்பிட்டுக்கொள்ளட்டும். உள்ளே இருக்கும்வரை எல்லாரும் அந்தோணியும் தெரேசாவும்தான்.

காரைக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருப்பாள். கடிகாரத்தைக் கையில் கட்டாமல் தோளில் ஊக்குக் குத்தித் தொங்கவிட்டிருப்பாள். கறுப்புக் குடை ஒன்று உண்டு; அது வெயிலுக்கு விரிந்ததைவிட நாய்களை விரட்ட நீண்டதே அதிகம். எந்த வீட்டிலும் காப்பி குடிக்கமாட்டாள். நீராகாரம் கேட்டு வாங்கிக் குடிப்பாள், "உப்புக் கூடிப்போச்சு" என்று திருப்பியும் கொடுப்பாள்.

வேலைக்கு வந்த புதிதில் பொன்னழகு என்ற பெண்ணைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கருவைக் கலைக்க யாரோ எருக்கங்குச்சி வைத்திருந்தார்கள். யூஜினியா போய்ச் சேர்ந்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது. காரைக்குடிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே, இவள் மடியில் தலை வைத்தபடி பொன்னழகு போய்விட்டாள். விஷக்காய்ச்சல் என்று வீட்டார் சொன்னார்கள். குளிப்பாட்டிய பெண்களுக்கு உண்மை தெரியும்.

எழுபத்திரண்டு ஏப்ரலில் சட்டம் நடப்புக்கு வந்தது. தாயின் உயிருக்கோ உடம்புக்கோ மனசுக்கோ கேடு என்றால், ஆஸ்பத்திரியில் டாக்டரே கருவைக் கலைக்கலாம், குற்றமில்லை என்றார்கள். அடுத்த ஞாயிறு மாதாகோயில் பூசையில் பங்குச் சாமியார், "கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையை எந்தச் சர்க்காரும் திருத்த முடியாது" என்று பிரசங்கம் செய்தார். யூஜினியா தலையாட்டினாள். முழு மனதோடுதான் ஆட்டினாள்.

ஐப்பசி மழையில் அக்கம்மாள் வந்தாள். நாலு பிள்ளை பெற்றவள். சுகாதார நிலையத்துத் தாழ்வாரப் படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கடைசிப் பிரசவத்தின்போதே டாக்டர் எச்சரித்திருந்தார்: இருதயம் கெட்டிருக்கிறது, இன்னொன்றைத் தாங்காது. இப்போது இரண்டு மாதமாகத் தலை முழுகவில்லை.

யூஜினியா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அன்று ஒரு பெயரும் வைக்கவில்லை.

"நர்ஸம்மா, இதுக்கு இப்பச் சட்டம் இருக்காமே?"

"இருக்கு."

"பாவமா?"

"எனக்குப் பாவம்தான் தாயி. ஒனக்கு என்னன்னு நீதான் சொல்லணும்."

"எனக்கு நாலு புள்ளைக இருக்கு நர்ஸம்மா. அதுகளுக்கு நான் வேணும்" என்றாள் அக்கம்மாள். அழவில்லை. "அவுக சம்மதிக்க மாட்டேங்கிறாக. குலசாமி கோவிச்சுக்கிடுமாம்."

சாயங்காலம் வீட்டில் யூஜினியா உளுந்து களைந்துகொண்டே கணவர் வளனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வாத்தியார்; ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பவர்.

"சட்டம் டில்லியில போட்டது யூஜினி. கட்டளை சீனாய் மலையில வந்தது."

"மலையில வந்தப்ப அக்கம்மா நெஞ்சைத் தொட்டுப் பாத்தாகளா?"

"அப்ப அந்த வயித்துல உள்ளது உசிரில்லையா?"

அரிசியும் உளுந்துமாக ஆயிரம் தடவை கழுவிய கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "உசிருதான்" என்றாள். "இல்லைன்னு நான் சொல்லலையே. ரெண்டும் உசிருதான். ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும். விட்டா ரெண்டும் போகும். நான் கூட்டிட்டுப் போகலைன்னா அவ குச்சி வைக்கிறவகிட்டப் போவா."

காலையில் அவள் புறப்பட்டபோது வளன் குடையை எடுத்துக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

யூஜினியா அக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு ஏறிய காரைக்குடி பஸ்ஸில் புருஷன் கோட்டைச்சாமியும் ஏறினான். கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான். பெரியாஸ்பத்திரியில் லேடி டாக்டர் அக்கம்மாளைத் தனியே அழைத்து வெகுநேரம் சோதித்தார், வெகுநேரம் பேசினார். வெளியே வந்ததும் கோட்டைச்சாமி எழுந்தான்.

"டாக்டரம்மா, புருசன் நான் கையெழுத்துப் போடணுமில்ல?"

"வேண்டாங்க. பதினெட்டு வயசு தாண்டினவங்க. சட்டப்படி அவங்க சம்மதம் போதும்."

அவன் முகத்தில் யாரோ அறைந்ததுபோல் ஆகிவிட்டது. துண்டைத் தோளிலிருந்து எடுத்தான், திரும்பவும் போட்டான். அக்கம்மாள் மெல்ல நடந்து அவன் எதிரே வந்து நின்றாள்.

"சட்டம் ஒங்களைக் கேக்கலை. நான் கேக்குறேன். என்ன சொல்றீக?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் அந்தக் கழுத்துக்குழியைப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போனா, நாலும் ஒன்னையத்தான கேக்கும்" என்றான். "போயிட்டு வா. குலசாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

டாக்டர் யூஜினியாவைப் பார்த்து, "உள்ளே வர்றீங்களா?" என்றார்.

"இல்லை டாக்டரம்மா. அதுக்கு என் கை வராது. வாசல்ல இருக்கேன்."

வாசலிலேயே இருந்தாள். ஜெபமாலையை உருட்டினாள். யாருக்காக என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது; இரண்டு பேருக்காகவும்தான். அக்கம்மாளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். நாடி இருந்தது. அதற்கப்புறம்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கோட்டைச்சாமி பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

அந்த வாரமே சாமியார் வீட்டுக்குப் போனாள். "பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேக்க வரலை சாமி. சும்மா சொல்ல வந்தேன்" என்று ஆரம்பித்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

சாமியார் கேட்டார்: "மனஸ்தாபப்படுறியா?"

"அழுதேன் சாமி. ஆனா இன்னொருத்தி இப்படி வந்தா மறுபடியும் கூட்டிட்டுத்தான் போவேன்."

"அப்ப உனக்கு நான் எப்படிம்மா மன்னிப்புக் குடுக்கிறது?"

"குடுக்க வேணாம் சாமி. நீங்களும் மனசாரப் பொய் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்."

அதிலிருந்து பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது மன்னிப்புப் பெறாத யூஜினியா மட்டும் எழுவதில்லை. முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விடுவாள். பெண்கள் பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து வளன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய் வரிசையில் நின்றார்.

தை பிறந்தது. அக்கம்மாள் இப்போது எழுந்து நடமாடுகிறாள். மாத்திரை தின்கிறாள், கனமாக எதையும் தூக்குவதில்லை. கடைக்குட்டிக்குத் தலை சீவிவிடுகிறாள். கோட்டைச்சாமி தானாகவே சுகாதார நிலையத்துக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "ஆம்பளைக்குப் பண்றாகளே ஆபரேசன், அதுக்கு எங்குட்டுப் போகணும் நர்ஸம்மா?" என்று கேட்டான். இங்குட்டுத்தான் என்று சொல்லி உட்கார வைத்து, உப்புக் கூடிப்போகாத நீராகாரம் கொடுத்தாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது சாமியார் அவளை நிறுத்தினார்.

"அந்தச் சாக்கோட்டைப் பக்கத்துப் பொண்ணு எப்படி இருக்கு?"

"இருக்கா சாமி. மூச்சு இன்னும் கொஞ்சம் வாங்குது."

"பேரு?"

"அக்கம்மா."

அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு படி ஏறிவிட்டார். அடுத்த ஞாயிறு மன்றாட்டு நேரத்தில் நோயாளிகளின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். சூசைமேரிக்காக, சின்னராஜுக்காக என்று வாசித்தவர் தாளிலிருந்து தலை நிமிர்ந்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: "அக்கம்மாளுக்காக."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை வாய் திறப்பதற்கு முன்பே, பெண்கள் பக்கத்திலிருந்து யூஜினியாவின் குரல் ஒற்றையாய், உரக்க எழுந்துவிட்டது.