வசந்தா நர்ஸம்மாவை அளந்த இழை

சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் போன் செய்தார். "நர்ஸம்மா போயிட்டாங்க, அம்சா." நான் அழப்போகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பெண் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். காரியத்தன்று கொடுக்கிற நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொல்லித் தெருக்காரர்கள் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். நல்லதாக வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ரிடையர் ஆகி, தங்கை மகன் வீட்டோடு இருக்க நம் தெருவுக்கு வந்தவர் வசந்தா நர்ஸம்மா. தங்கம், தெய்வம் என்று இப்போது போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது அவர் குடை தெருமுனையில் தெரிந்தாலே பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நானும் சாத்தியிருப்பேன். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் முடியவில்லை. சௌக்கியமா, சாப்பிட்டியா என்று அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை. "ஆம்பிளைங்க வெளிய போங்க" என்பார். நேராகப் போய்ப் போர்வையைத் தூக்குவார். விசாரிக்க வந்த பெண்கள் எல்லோருக்கும் முன்னால் நோயாளியின் முதுகைப் பார்ப்பார், அப்புறம் திரும்பி என் மூஞ்சியைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். பட்டு நெய்கிறவள் பட்டில்தான் படுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். தன் கல்யாணப் புடவையை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே போடச் சொன்னார். போட்டோம். மருமகள் மாமியாரைப் பட்டில் வைத்துப் பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். வேர்வையில் ஊறிய பட்டு காயவேயில்லை. ஜரிகைக் கரை மடிப்பு சரியாக எலும்புக்கு நேராக அழுத்திக்கொண்டிருந்தது. நர்ஸம்மா வந்து தூக்கிப் பார்த்தபோது அங்கே புண். புடவையை உருவி வாசலில் வீசினார். "பட்டு கட்டிக்கிறதுக்கு. படுக்கிறதுக்குப் பழைய வேட்டி போதும்" என்றார். மாமியார் வாய் கோணிய நிலையிலும் அவரைத் திட்டினார். எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது.

அன்றைக்குத்தான் இழை விவகாரம் ஆரம்பித்தது. தறியோரம் கிடந்த சிவப்புப் பட்டு நூலை எடுத்தார். புண்ணில் படாமல் அதற்கு மேலே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிடித்தார். அந்த அளவுக்குக் கத்தரித்துத் தறியின் மரக்காலில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். "டாக்டருக்கு சென்டிமீட்டர். உங்களுக்கு இழைதான் புரியும்" என்றார். வாராவாரம் வந்தார், வாராவாரம் தொங்கவிட்டார். இழை நீண்டால் புண் பெரிதாகிறது என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். என் மானத்தைக் கொடி கட்டிக் காயப்போட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் பிடிக்க வருகிறவள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் இழை நீண்டதும் செய்யாரிலிருந்து நாத்தனார் வந்து, நர்ஸம்மா முன்னால் நடுவீட்டில் நின்றாள். "பாத்தீங்களா, நூலே சொல்லுது. இவ எங்க எங்கம்மாவப் பாக்குறா? டிவி பாத்துகினு உக்காந்திருக்கா" என்றாள். சமையல், தறிக்கு ஒத்தாசை, பீ மூத்திரம் அள்ளுவது எல்லாம் நான் ஒருத்தி. நர்ஸம்மா எனக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். பேசவில்லை. நாத்தனாரிடம், "பேசிகினே இருக்கியே, இந்த வாரம் நீ பாரு. வந்து அளக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரத்து இழையைப் பச்சை நூலில் வெட்டினார். அது என்னுடையதைவிட நீளம். நான் சிரித்துவிட்டேன். நர்ஸம்மா என்னையும் ஒரு முறை முறைத்தார். "யாரு கெட்டிக்காரின்னு பாக்க நான் வரல. நான் அளக்கிறது இந்த வூட்டை. ஒரு ஆளு பாத்தா இழை நீளும். நாலு கை மாத்தினா குறையும்." என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தறியை விட்டு எழும்போதெல்லாம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். "முகூர்த்த ஆர்டர் இருக்குதுங்க" என்று அவர் இழுத்தார். "உங்கம்மா முதுவுக்கு முகூர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். மத்தியான வேளைக்கு எதிர்வீட்டு மல்லிகாவைப் பிடித்து வந்தார். மல்லிகா என்னோடு பேசி வருஷமாகியிருந்தது. அதெல்லாம் அந்த அம்மாவுக்கு ஒரு பொருட்டா?

இழை குறைந்தது. கடைசியில் வெட்ட இழையே இல்லாமல் புண் மூடியது. ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நான் நின்றேன். "காபி இருந்தா குடு" என்றார். கொடுத்தேன். "சக்கரை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் அப்புறம் எழுந்து உட்கார்ந்து சில வருஷம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்தார். அந்த அம்மாவை நான் மன்னிக்கவில்லை.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். போன வருஷம் நர்ஸம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். தெருவே திரண்டு போய்ப் பார்த்தீர்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ் வைத்தீர்கள். எல்லோருமாகச் சேர்ந்து நல்ல பட்டுப் புடவை ஒன்று கொடுத்தீர்கள். தங்கை மகனின் பெண்டாட்டி அதை மரியாதையாக அவருக்குக் கீழே விரித்தாள். நான் போனபோது அறை முழுக்க ஊதுவத்திப் புகை. "ராணி மாதிரி வச்சிருக்கோங்க" என்றாள். நான் சௌக்கியம் விசாரிக்கவில்லை. போர்வையைத் தூக்கினேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நர்ஸம்மா, "வந்துட்டியா, அள" என்றார்.

அளந்தேன். பட்டை உருவி எறிந்து, பழைய வேட்டி போட்டேன். வீடு வீடாக வந்து உங்களைக் கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஒரு வேளை, வந்து புரட்டிப் படுக்கவைத்தால் போதும் என்று கெஞ்சினேன். மல்லிகா வந்தாள். மற்றவர்கள் ஒருநாள் வந்தீர்கள். அப்புறம் ஆவணி முகூர்த்தம் வந்துவிட்டது, தறியை விட்டு வர முடியவில்லை என்றீர்கள். காலையும் சாயங்காலமும் நான் போனேன், மத்தியானம் மல்லிகா போனாள். மற்ற நேரமெல்லாம் அவர் ஒரே பக்கமாகக் கிடந்தார். இழை நீண்டது. புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. வயசாகிவிட்டது, போய்விட்டார் என்று போஸ்டரில் போட்டுவிட்டீர்கள்.

பாடையில் அவருக்கு மறுபடியும் பட்டுப் போர்த்தினீர்கள். அன்றைக்கு நான் அதை உருவவில்லை. இனி அது அவரைக் குத்தாது.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கெட்ட பழக்கம்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் போர்வையைத் தூக்கிப் பார்க்கிறேன். என்னைக் கண்டும் கதவைச் சாத்துகிறீர்கள், சாத்துங்கள். நர்ஸம்மாவுக்குக் கடைசியாக நான் வெட்டிய இழை என் தறிக்காலில் தொங்குகிறது. அது எவ்வளவு நீளம் என்று மலரில் எழுத மாட்டேன். காரியத்துக்கு எப்படியும் எல்லோரும் வருவீர்கள். சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்கு வாருங்கள். அவரவர் கையால் பிடித்துப் பாருங்கள்.