ஒட்டவில்லை என்று சொன்ன டாக்டர்

வெள்ளிக்கிழமை காலை இறைவணக்கம் முடிந்ததும் தலைமையாசிரியை மேடையில் நின்றபடியே சொன்னார்: பல் டாக்டர் மரகதம் வாலாஜாபாத்தில் தம் வீட்டில் காலமாகிவிட்டார். எல்லோரும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றோம். எனக்கு அதன் பிறகும் நிமிரத் தோன்றவில்லை.

தினமும் பஸ்ஸில் வந்து நம் ஊரில் பல் பார்த்தவர் அவர். வேர்வரை சொத்தையான பல்லை எளிதில் பிடுங்கிவிட மாட்டார். வேரின் உள்ளே சுத்தம் செய்து, பசை வைத்து அடைத்துக் காப்பாற்றப் பார்ப்பார். பிடுங்க நேர்ந்த பற்களையும் எறிவதில்லை. அவற்றையும் அதேபோல் அடைத்து, நெசவாளியான என் அப்பா கொண்டுபோய்க் கொடுத்த பட்டுச் சாயத்தில் ஊறப்போட்டு, பிறகு நெடுக்கில் பிளந்து பார்ப்பார். ஒருமுறை நானும் எட்டிப் பார்த்தேன். பசைக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய சிவப்புக் கோடு.

"சாயம் பூந்துக்கினு போயிருக்குது பாரு. பசை ஒட்டலை, சும்மா ஒக்காந்துக்கினு இருக்குது" என்றார்.

"ஏன் டாக்டர்?"

"எனாமலுக்கு உள்ளாற டென்டின்னு ஒரு அடுக்கு இருக்குது இல்ல, நம்ம வாயில அது எப்பவும் ஈரம்தான். ஈரத்துல எதும்மா ஒட்டும்? நல்ல பசையா தேடிக்கினுதான் இருக்கேன்."

அப்பாவின் முன்பல்லுக்கும் அவர்தான் வேர் அடைத்தார். "அந்தப் பல்லால நூல் கடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். தறியில் உட்கார்ந்தால் அப்பாவுக்குக் கத்தரிக்கோல் நினைவுக்கு வராது. கடித்தார். மேல் அடைப்பு விழுந்தது. அப்பா யாரிடமும் சொல்லவில்லை; பார்த்த நானும் சொல்லவில்லை. ஈறு வீங்கியதும் என்னையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய், கூடம் நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது சத்தம் போட்டார்.

"என்னாம்மா வைத்தியம் இது? என் கையால முடிஞ்ச இழை ஒண்ணு அறுந்ததில்லை. உன் அடைப்பு ஒரு மாசம் நிக்கலையே."

வகுப்பில் விடை சொல்வதுபோல் நான் எழுந்தேன். "நீங்க நூல் கடிச்சுதான்பா அடைப்பு விழுந்துது. நான் பார்த்தேன்."

கூடம் சிரித்தது. "ஏன்பா, கத்தரி வாங்க வக்கில்லாமதான் பட்டு நெய்யுறியா?" என்றார் ஒருவர். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது.

டாக்டர் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். "சிரிக்காதீங்க. அவர் கடிச்சதால இல்லை. நான் வெச்ச பசை பல்லுல ஒட்டலை. குறை என்னுது."

பின்வரிசையில் ஓர் அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். "டாக்டரே ஒட்டலைன்னு சொல்றாங்களாம்" என்ற பேச்சு தெருத்தெருவாகப் போனது. அப்பாவும் அதையே சொன்னார். கூடத்தில் கூட்டம் குறைந்தது. அன்று பேசிய வெட்கத்தில் நான் இதற்கு வாயே திறக்கவில்லை. வாய் திறக்காத வெட்கம் அதைவிடப் பெரியது.

இதை எழுத உட்கார்ந்தபோது அப்பா தறியை நிறுத்தினார். "நூல் கடிச்சதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். அன்று எழுந்து போனவர்கள் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பசையும் சரியாக ஒட்டுவதில்லை என்பது அவர் தேடிக் கண்ட உண்மை. அப்பாவின் பல் கெட்டது எங்களால்.

அன்று அப்பா விருட்டென்று வெளியேறியதும் நான் அழுதுகொண்டு நின்றேன். டாக்டர் என் தோளைத் தொட்டார். "அப்பா தெருமுனை தாண்டியிருக்க மாட்டாரு. ஓடு. ஒண்ணும் பேசாதே, பக்கத்துலயே நட."

ஓடினேன். வீடு வரும்வரை அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் எட்டிப் பிடிக்கும்படி நடையைக் குறைத்துக்கொண்டார். டாக்டர் மரகதம் எனக்கு விட்டுப்போனது அந்த நடை.