மாளிகையில் என் தங்கை தேடிய அறை

நெடிய யுத்தத்தை வென்ற பெருமையோடு இச்சிறு தீவை முடிசூடா மன்னர் போல் ஆண்டவரை, எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று சலித்த மக்களே துரத்தினர். அவர்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த செய்தி கேட்டு, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலும் வெடி கொளுத்தினர்.

மறுநாட் காலை, கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். யுத்தத்தின் இறுதிக் காலத்தில், வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அவளது ஒரே மகனை, இலக்கத் தகடில்லாத வான் வண்டியில் வந்தோர் ஏற்றிச் சென்றிருந்தனர். அதன் பின் அவனைக் குறித்து ஒரு சொல்லும் வந்ததில்லை.

"அண்ணா, அங்க எல்லாக் கதவும் திறந்திட்டாங்களாம். நிலத்துக்குக் கீழயும் அறை இருக்காம். வாங்கோ, போய்ப் பாப்பம்."

"அது மாளிகை, பிள்ளை; மறியற்சாலை இல்லை."

"மறியல் எல்லாம் பாத்தாச்சுத்தானே!"

சரியென்று புறப்பட்டேன். பேருந்து ஓடாமையால் நான் சைக்கிளில் கொட்டாஞ்சேனைக்குப் போக, அங்கிருந்து இருவரும் நடந்தே சென்றோம்.

மாளிகை வாசலில் திருவிழாக் கூட்டம். உள்ளே ஆட்சியாளரின் கட்டிலில் ஏறிப் படம் பிடித்தனர், தடாகத்தில் குளித்தனர். கூட்டத்தை ஒழுங்குபடுத்திய சிங்கள இளைஞன் ஒருவனை என் தங்கை நிறுத்தினாள்.

"மல்லி, பூட்டின அறை ஏதும் மிச்சமிருக்கா?" என்று, தம்பியை அழைப்பதுபோல் சிங்களத்திலேயே கேட்டாள்.

அவன் சிரித்தான். "ஆரைத் தேடுறீங்க அம்மே? பெரியவரையா? அவர் ஓடிட்டார்! கட்டிலுக்கு எண்டால் லைன் அந்தப் பக்கம்."

"இல்லை மகன். என்ர பிள்ளையை."

அவனுடைய சிரிப்பு அடங்கிற்று. கைப்பேசி வெளிச்சத்தில் எங்களைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு கதவாகத் தள்ளிக் காட்டினான். இறுதி அறையில் அடுக்கிய கதிரைகளும் சுருட்டிய கம்பளமும் இருந்தன. என் தங்கை கம்பளத்தின் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவரை உள்ளங்கையால் தடவினாள்.

"எங்கயோ ஒரு பூட்டின கதவுக்குப் பின்னால இருக்கிறான் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் சோறு திண்டனான், அண்ணா."

நான் அவள் கையைப் பற்றிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் தன் பங்குத் தேவாலயத்துக்குள் நுழைந்தாள். ஆண்டுதோறும் மகனின் பிறந்த நாளில், அவன் சுகமாகத் திரும்பிவரப் பூசை ஒப்புக்கொடுத்து வந்தவள், அன்று மரித்தோருக்கான பூசைக்கு அவனுடைய பெயரைச் சொன்னாள்.