கடல்வாசலைத் திறந்தது ஆர்?

என் குடும்பத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. மயிலிட்டிக் கரையிலிருந்து தெல்லிப்பழைக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் மீன் மணக்கிறதென்று தள்ளி இருந்தால், கிடைத்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை இன்னும் அகலமாக விரிப்பேன்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் என் படிப்பு ஊருக்குப் பயன்பட்டது. கரையில் வலையும் துடுப்பும் வைக்கிற கொட்டிலை வாடி என்போம். அதற்குள் ஆண்கள் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருக்க, நான் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து ஏறியிருந்து, கடலுக்கு அக்கரையிலிருந்து வருகிற வாரப் பத்திரிகையின் தொடர்கதையை வாசிப்பேன். பெண்கள் வாசலில் நின்று கேட்பார்கள். நான் இருமினால் சுடுதண்ணீர் வரும். அந்த மரியாதையை வகுப்பிலே எந்த வாத்தியாருக்கும் கொடுத்து நான் கண்டதில்லை.

கதையில் ஒரு ராச்சியம். ஆசிரியர் அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தார். எங்கள் கரையில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ‘ராச்சியம்’ என்று மட்டும் சொன்னார்கள், ஏதோ பஸ்ஸில் போய் இறங்கலாம் என்பது மாதிரி. அங்கே கடலோரம் ஒரு கோட்டை. கோட்டைக்குக் கடல்வாசல் என்று ஒரு பெரிய கதவு. உள்ளே கோயிலறையில் ஒரு வாள். வாள் இருக்கும்வரை ராச்சியத்தை எவனும் வெல்லமுடியாது. ஒரு விடியற்புறம் கடல்வாசல் உள்ளேயிருந்து திறந்தது. பகைவர் கப்பலால் இறங்கி வந்தார்கள். வாள் இருந்த இடத்தில் வாள் இல்லை. மந்திரி கதவடியில் நின்றதை ஒரு காவற்காரன் கண்டிருந்தான். இளவரசி கோயிலறையிலிருந்து வந்ததை ஒரு தோழி கண்டிருந்தாள். திறந்தது யார், வாள் எங்கே என்று கேட்டு ஆசிரியர் அந்த வாரம் நிறுத்தியிருந்தார்.

அதற்குப் பிறகு பத்திரிகை வரவேயில்லை. வெளியிலிருந்து வருகிற சாமான்களை அரசாங்கம் கட்டுப்படுத்திய காலம் அது. இணுவில் பக்கத்துக் கமக்காரருக்கு வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. எங்களுக்கு ராச்சியம் பாதியில் நின்றது.

முதற் கிழமை எல்லாரும் அடுத்த வாரம் வரும் என்று பார்த்திருந்தார்கள். பிறகு ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். வலை பொத்துகிற ஒருவர், வாளைக் கடலில் எறிந்திருப்பார்கள், சுறா விழுங்கியிருக்கும் என்றார். அன்றிலிருந்து கரையில் எந்தச் சுறாவை வெட்டினாலும் வயிற்றைக் கொஞ்சம் கவனமாகத்தான் கிளறினார்கள். அம்மா, முதல்நாள் கோட்டையில் கூழ் காய்ச்சியிருப்பார்கள் என்றாள். நண்டும் மீனும் போட்ட ஒடியற்கூழை வயிறு முட்டக் குடித்த காவற்காரனுக்கு இமை திறக்குமா என்பது அவளுடைய கேள்வி. கதையில் எங்கேயும் கூழ் வரவில்லையே என்றேன். எழுதினவர் குடித்திருக்கமாட்டார் என்றாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் முழுகப் போனவர், அதுவும் பழைய காலத்துக் கேணிதானே என்று சொல்லிச் சுழியோடி வாளுக்காக அடியைத் தடவினார். யாரோ ஒரு கிழவரின் பற்செட்டோடு மேலே வந்தார். கேணிக்கட்டில் நின்ற கிழவர் பொக்கை வாயால் அவரை வாழ்த்தினார்.

எனக்கும் ஒரு முடிவு இருந்தது. சரித்திர பாடத்தில் நான் வகுப்பில் முதலாவது. ராச்சியங்கள் ஒரே இரவில் விழுவதில்லை, வரிப்பாரம், வாரிசுப் போட்டி, படையின் ஒழுங்கீனம் என்று உள்ளே பல காலமாக உக்கித்தான் விழும் என்று மீன்பெட்டியில் நின்றுகொண்டு விளக்கினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் சுறாக்காரர், “அது சரி பிள்ளை, அப்ப வாள்?” என்றார். நான் இறங்கிவிட்டேன்.

இவ்வளவும் விளையாட்டாகவே போயிருக்கும். ஆனால் என் ஐயா இளவரசியின் பக்கம் நின்றார். அக்காவைக் கட்டப்போகிறவரின் தகப்பன் மந்திரியின் பக்கம் நின்றார்.

மாப்பிள்ளையின் தகப்பன் முன்பு பாய்க்கப்பல் ஓட்டியவர். கப்பலின் தலைவனுக்குத் தண்டையல் என்று பெயர். கப்பல் போய் வெகுகாலமான பிறகும் ஊர் அவரைத் தண்டையல் என்றுதான் கூப்பிட்டது. மந்திரி என்பவன் ராச்சியத்துக்குத் தண்டையல் மாதிரி என்பது அவருடைய கட்சி. “தண்டையல் தான் ஓட்டுற கப்பலிலை தானே ஓட்டை போடுவானோ?” என்று கேட்பார். ஐயாவுக்கு நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள், மகன் இல்லை. “ஒரு குமர்ப்பிள்ளை தேப்பன்ரை கோட்டைக் கதவைத் திறந்துவிடுவாளோ?” என்று அவர் கேட்பார். இரண்டு பேரும் ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லாமலே சில கிழமைகள் கதைத்தார்கள். பிறகு ஒருநாள் வள்ளம் இழுக்கிற இடத்தில், பெட்டைகளை நம்பினால் ராச்சியம் போகும் என்று தண்டையல் சொன்னது ஐயாவின் காதில் விழுந்தது.

ஐயா வீட்டுக்கு வந்து கால் கழுவாமல் நின்றார்.

“உந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். நாளைக்கு அவையின்ரை வீட்டிலை காத்துக்கு விளக்கு நூந்தாலும், என்ரை பிள்ளைதான் கதவைத் திறந்தவள் எண்டுவினம்.”

அம்மா எவ்வளவோ சொன்னாள். அது கதை, இது கல்யாணம் என்றாள். கதையிலேயே இப்படிச் சொல்கிறவன் கல்யாணத்தில் என்ன சொல்லமாட்டான் என்றார் ஐயா.

அக்காவுக்கு ராச்சியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் வாசிக்கிற நேரமெல்லாம் வாடித் தூணில் சாய்ந்து நித்திரை கொள்வாள். அவளுக்குத் தெரிந்தது மாப்பிள்ளையை மட்டுந்தான். அவர்களுடைய வள்ளம் கரைக்கு வருகிற நேரம் பார்த்துத்தான் அவள் கிணற்றுக்குப் போவாள். எங்கள் வீட்டில் தண்ணீருக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. அன்றைக்கு அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“எடி, நீதானே வாசிச்சு வாசிச்சு உவையைக் கெடுத்தனி. நீயே முடிச்சுத் தா.”

நான் பழைய இதழ்களை எல்லாம் பரப்பி வைத்து, அடிக்கோடு போட்டுப் படித்தேன். மந்திரிக்கு எதிராக இருந்த அளவு சாட்சியம் இளவரசிக்கு எதிராகவும் இருந்தது. கோட்டைப் பூனைக்கு எதிராகக்கூடக் கொஞ்சம் இருந்தது.

கடைசியில் மாமா நடுவில் நின்று ஓர் உடன்பாடு செய்தார். தையில் நாள் வைத்தாகிவிட்டது. பொன்னுருக்குக்கு ஐயா வரட்டும். தாலி ஏறும்வரை இரண்டு பேரும் ‘ராச்சியம்’ என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது. தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில். பொன் உருகிவிட்டால் கல்யாணம் தொடங்கிவிட்டது, பிறகு எவரும் நிற்பாட்டுவதில்லை. அதற்கு முன் எழும்பிப் போனால் போனதுதான். ஆகவே ஐயா அந்தக் கொஞ்ச நேரம் பாயில் இருக்கவேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான். மணப்பெண் பொன்னுருக்குக்குப் போவதில்லை. அவள் வீட்டிலிருந்தாள். படலைவரை வந்து என் கையைப் பிடித்து, “ஐயாவைப் பாத்துக்கொள்” என்றாள். இதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் இல்லை.

அன்றைக்கு வாடைக்காற்று. நெருப்பு அலையக்கூடாதென்று கடற்பக்கக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பொன் உருக்க வந்த பத்தர் சட்டிக்குள் உமியும் கரியும் போட்டு மூட்டினார். மார்கழி மழை உமியையும் விட்டுவைக்கவில்லை, ஈரம். புகை எழும்பியது. ஐயாவும் தண்டையலும் ஒரே பாயில், ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே பார்த்தபடி இருந்தார்கள். ராசாவின் தலை போட்ட பவுண் காசை வெற்றிலையில் வைத்து எல்லாரும் தொட்டுக் கும்பிடக் கொடுத்தார்கள். ஐயாவும் தொட்டார். நான் மூச்சு விட்டேன்.

அப்போது சுறாக்காரர், அவர் அந்த வீட்டுக்குச் சொந்தம், காசை உற்றுப் பார்த்து, “இவர்தானோ உந்த ராச்சியத்து ராசா?” என்று கேட்டார். உடன்பாடு தன்னைக் கட்டாது என்று நினைத்தாரோ என்னவோ.

சிலர் சிரித்தார்கள். தண்டையலும் சிரித்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, தனக்குச் சொல்வதுபோல, “பாவம், மனுசன் மகளை நம்பினவர்” என்றார்.

ஐயா தோளில் இருந்த சால்வையை எடுத்து உதறினார். ஐயா சால்வையை உதறினால் எழும்பப் போகிறார் என்று அர்த்தம். காசு இன்னும் உருகவில்லை. நான் அவர் பின்னால் போய் வேட்டியின் கரையை மிதித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த நேரம் தெரிந்த ஒரே உபாயம் அது. ஐயா எழும்பப் பார்த்தார், வேட்டி வரவில்லை, திரும்ப இருந்தார்.

பத்தர் காசைப் போட்டுக் குழலால் ஊதத் தொடங்கினார். ஊத ஊதப் புகை. மாப்பிள்ளையின் தாய் இருமிக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினாள்.

“கதவைத் திறவுங்கோவன், சனம் சாகப்போகுது.”

தண்டையல் எழும்பிப் போய்க் கடற்பக்கக் கதவைத் திறந்தார். காற்று உள்ளே வர, புகை அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது. அவர் திரும்பி வரவில்லை. கதவில் ஒரு கையை வைத்தபடி, கடலையும் கதவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் இப்ப ஏன் கதவைத் திறந்தனான்?” என்று கேட்டார்.

புகைக்கு என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

“அப்ப அவன் ஏன் திறந்தவன்?”

ஒருவரும் யாரென்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். ஐயா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டிக்குள் ராசாவின் தாடி வளைந்து, மூக்கு வளைந்து, முகம் முழுக்க ஒரு மஞ்சள் துளியாகச் சுருண்டது.

“உள்ளுக்கை ஆரோ உருக்கியிருக்கினம்,” என்றார் ஐயா.

“என்னத்தை?”

“வாளை. அந்தப் பிள்ளைதான். பகைவன்ரை கையிலை போகக்கூடாதெண்டு.”

தண்டையல் வந்து பாயில் ஐயாவுக்கு நேரே இருந்தார். “புகை தாங்காமல் மந்திரி கதவைத் திறந்திருக்கிறான்.”

“ஓம். அந்த நேரம் பாத்து அவங்கள் வந்திட்டாங்கள்.”

“ரண்டு பேரிலையும் பிழையில்லை.”

“ஒரு பிழையும் இல்லை,” என்றார் ஐயா.

இரும்பு உமி நெருப்பில் உருகாது. அது எந்தச் சூட்டில் உருகும் என்பது எனக்கு மனப்பாடம். விஞ்ஞான வாத்தியார் கேட்டபோது வகுப்பில் கை உயர்த்தியது நான் ஒருத்திதான். பிழையான ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது என் பழக்கம் இல்லை. வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் பிடித்துத் திருகினாள். வலியில் கண் கலங்க நிமிர்ந்தபோது, பத்தரும் குழலை எடுத்துவிட்டு ஏதோ சொல்ல வாய் திறந்திருப்பதைக் கண்டேன். அவர் இரண்டு தகப்பன்மாரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். உருகிய பொன்னை வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்தபோது ஐயாவும் தண்டையலும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ராச்சியத்தின் வாளுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நித்திரையாகிவிட்டாள்.

கல்யாணம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, அக்கரைக்குப் போய்வந்த யாரோ சேலைகளைச் சுற்றிக் கொண்டுவந்த பழைய தாள்களுக்குள் அந்தக் கதையின் கடைசிப் பகுதி அகப்பட்டது. வாடியில் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். ராசாவே மாறுவேடத்தில் கதவைத் திறந்தாராம். வாள் முதலிலிருந்தே மரத்தால் செய்ததாம்.

“எழுதினவருக்கு உள்ள விசயம் தெரியேல்லை,” என்றார் ஐயா.

“எங்களை ஒருக்கால் கேட்டிருக்கலாம்,” என்றார் தண்டையல்.

இரண்டு சம்பந்திகளும் ஒன்றாக எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். தாளில் பிறகு மீன் சுற்றினார்கள்.

அத்தான் பிந்தி வருகிற நாட்களில் அக்கா சட்டைக்குள் கிடக்கிற தாலிக்கொடியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். அவர் தூரத்தில் கண்டதுமே, “வாளை உள்ளை வையும், நான் வந்திட்டன்” என்பார். கதை கேட்டு ஒருநாளும் முழித்திராதவளுக்கு அதில் மட்டும் பெரிய பெருமை.

அவளுக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டது. நானும் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இரும்பு எந்தச் சூட்டில் உருகும் என்பதை இனி ஐயாவுக்கும் தண்டையலுக்கும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு விசேசத்திலும் நினைக்கிறேன். அம்மா எப்படியோ எனக்குப் பக்கத்தில் வந்து இருந்துவிடுகிறாள்.